கடைசி அரைக் கிலோமீட்டர் – 14: பாலத்தில் வசூல், பிளாட்பாரத்தில் செலவு

இந்த வாரம் கிளாம்பாக்கம் பஸ் முனையம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். எழுதும்போது மனதார அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை கிளம்பியும் விட்டேன். வழியிலேயே செருப்பு அறுந்து வீடு திரும்ப வேண்டியதாயிற்று. அது எப்படி அறுந்தது என்பதும் இந்தத் தொடருக்குச் சம்பந்தமானதுதான், பிறகு சொல்கிறேன். திரும்பி வந்து, சும்மா இருக்கிற நேரத்தில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்ததில் இரண்டு நாள் போய்விட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டே வரி. வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கிற அந்த அரைக் கிலோமீட்டர் யாருடைய பொறுப்பிலும் இல்லை, அதனால் யாருடைய பட்ஜெட்டிலும் இல்லை என்பது இந்தத் தொடரின் ஓயாத புலம்பல். சென்னை மாநகராட்சி 2014-ல் கொண்டுவந்த மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஐந்தாம் அத்தியாயத்தில் பார்த்தாயிற்று. மறுபடி சொல்லப் போவதில்லை.

வாசகரின் கேள்வி இதுதான்: "பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடந்து போகிறவர்களுக்கு என்றே தனியாகப் பணம் எடுத்து வைத்த ஊர் உலகத்தில் எங்காவது உண்டா, அல்லது நீங்கள் சும்மா ஆசைப்படுகிறீர்களா?"

உண்டு. ஒரு பத்தியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு எனக்கு ஒரு பத்தி போதவில்லை. கார்க்காரர்களிடமிருந்து வந்தது. அதுவும் பாலத்து டோல்கேட்டில்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. ஒரு கரையில் சான் பிரான்சிஸ்கோ, எதிர்க்கரையில் ஓக்லாண்டும் பெர்க்லியும். நடுவில் தண்ணீர். படங்களில் பார்க்கிற சிவப்புப் பாலம் கோல்டன் கேட். அதற்குத் தனி நிர்வாகம், தனி கணக்கு. அதைத் தவிர மாநில அரசுக்குச் சொந்தமாக ஏழு பாலங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு திசையில் மட்டும்தான் டோல். போகும்போது கொடுத்தவரிடம் திரும்பும்போது கேட்க மாட்டார்கள். 2004 வரை அந்த டோல் 2 டாலர்.

அந்த வருடம் மார்ச் 2-ஆம் தேதி, சுற்றியுள்ள ஏழு கவுன்ட்டிகளின் வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி இருந்தது. கவுன்ட்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டோலை ஒரு டாலர் ஏற்றலாமா? ஏற்றினால் அந்தப் பணத்தில் இன்னின்ன வேலைகள் செய்வோம் என்று பட்டியலும் உண்டு. நமக்கு ஏப்ரல் 1-ஆம் தேதி டோல் ஏறிவிட்டது என்பது டோல்கேட்டில் போய் நின்றால்தான் தெரியும். அங்கே கேட்டார்கள். கேட்டதைவிட ஆச்சரியம், ஜனங்கள் சரி என்றார்கள். ஜூலை 1 முதல் 3 டாலர்.

பட்டியலுக்குப் பின்னால் இருந்தவர் ஓக்லாண்டைச் சேர்ந்த மாநில செனட்டர் டான் பெராட்டா. அவர் கொண்டுவந்த சட்டத்தில் கட்டுமான வேலைகள் மட்டும் ஏறக்குறைய 150 கோடி டாலருக்கு வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ரயில் பாதை நீட்டிப்பு, படகுப் போக்குவரத்து, சான் பிரான்சிஸ்கோவில் பெரிய பஸ் நிலையம், கால்டெகாட் சுரங்கச் சாலையில் நான்காவது குகைவழி. எல்லாம் யானை சைஸ். அந்த யானைக் கூட்டத்துக்கு நடுவில் அணில் மாதிரி ஒரு உருப்படி: 'சேஃப் ரூட்ஸ் டு டிரான்சிட்', அதாவது ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போய்ச் சேர ஆபத்தில்லாத வழி. தொகை 2 கோடியே 25 லட்சம் டாலர். அதில் 25 லட்சம் ஸ்டேஷன் பக்கத்தில் வாடகைப் பகிர்வுக் கார் நிறுத்துவதற்குப் போய்விட்டது. மீதி 2 கோடி நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் வருகிறவர்களுக்கும். நூறு டாலருக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை டாலர்கூட இல்லை.

சின்னத் தொகைதான். ஆனால் அதற்கென்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. நான் பதின்மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருந்தது அந்த வரியைத்தான்.

இனிமேல்தான் என் இரண்டு நாளைச் சாப்பிட்ட விஷயம் வருகிறது. இந்தப் பணத்தைக் கேட்டு எந்த உள்ளாட்சி அமைப்பும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஜீப்ரா கிராசிங் வேண்டும், தெருவிளக்கு வேண்டும், நடுவில் மறிக்கிற வேலியைத் திறக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் வேண்டும். எதற்கும் கேட்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: கேட்கிற வேலை, டோல் வசூலிக்கிற பாலங்களில் ஏதாவது ஒன்றின் நெரிசலைக் குறைக்கும் என்று காட்ட வேண்டும்.

திரும்பப் படியுங்கள். ஒரு ஜீப்ரா கிராசிங், பல மைல் தள்ளி, தண்ணீருக்கு மேலே இருக்கிற ஒரு பாலத்தின் நெரிசலைக் குறைக்கும் என்று காட்ட வேண்டும்.

முதலில் சிரித்தேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவரிடம் "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டால், ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மச்சினருடைய சம்பந்தி என்று உறவுமுறை சொல்லித் தீர்ப்பாரே, அந்த மாதிரி ஒரு விண்ணப்பமா? அப்புறம் அந்த உறவுமுறையை நானே சொல்லிப் பார்த்தேன். ஓக்லாண்டு பக்கம் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை சான் பிரான்சிஸ்கோவில். வீட்டிலிருந்து அறுநூறு அடி எடுத்து வைத்தால் ரயில் ஸ்டேஷன். 1974 முதல் விரிகுடாவுக்கு அடியிலேயே குழாய் வழியாக ரயில் ஓடுகிறது, ஏறினால் மறுகரை. ஆனால் இரவு திரும்பி வரும்போது அந்த அறுநூறு அடியில் விளக்கு இல்லை, நடுவில் ஆறு வழிச் சாலை, கடக்க சிக்னல் இல்லை. அவர் என்ன செய்வார்? கார் சாவியை எடுப்பார். அந்தக் கார் காலை எட்டரை மணிக்கு எங்கே நிற்கும்? பாலத்தில். தெருமுனையில் ஒரு விளக்குக் கம்பம் நட்டால் பாலத்தில் ஒரு கார் குறையும். பாலத்தில் மீதி நிற்கிறவர் ஒரு கார் நீளம் முன்னால் போவார். அவர் கொடுத்த டாலருக்கு அதுதான் பலன்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பதின்மூன்று வாரம் நான் நடக்கிறவர்களின் உரிமை, முதியவர்களின் முழங்கால், சக்கர நாற்காலி என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் யாரோ ஒருவர் கார்க்காரரின் சொந்த லாபத்தை வைத்தே பிளாட்பாரத்துக்குப் பணம் வாங்கியிருக்கிறார். பிளாட்பாரமும் பாலத்தின் ஒரு உறுப்புதான் என்று சட்டத்தையே சொல்ல வைத்திருக்கிறார். பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையையும் அரசு அலுவலகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. சைக்கிள்காரர்கள் சங்கம் ஒன்றும், போக்குவரத்துக்காகக் குரல் கொடுக்கிற அமைப்பு ஒன்றும் சேர்ந்து நடத்தின. ஐந்து சுற்று, சுற்றுக்கு 40 லட்சம் டாலர்.

பாலம் என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஆசிரியர் வெட்டினால் வெட்டட்டும். இந்தக் கதையில் சேராத அந்தக் கோல்டன் கேட் பாலம் 1937-ல் திறந்தபோது முதல் நாள், மே 27, நடக்கிறவர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. கார்கள் மறுநாள்தான். தலைக்கு 25 சென்ட் கொடுத்துவிட்டு ஏறக்குறைய 2 லட்சம் பேர் நடந்தார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பாலத்தில் நடப்பதற்குக் கட்டணம் இருந்தது, 1970-ல்தான் எடுத்தார்கள். நடக்கிறவன் ஓசியில் போகிறான் என்று பேசுகிறவர்கள் கவனிக்கவும்.

ஐம்பதாவது ஆண்டு, 1987 மே 24, மறுபடி நடக்கிறவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டு கரையிலிருந்தும் கூட்டம் ஏறி நடுவில் சந்தித்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் சுமார் 3 லட்சம் பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். பாலத்தின் சாலை எப்போதும் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அன்றைக்கு அந்த வளைவு தட்டையாகிவிட்டது. கார்கள் எத்தனை நெருங்கி நின்றாலும் நடுவில் இடைவெளி இருக்கும், காருக்குள்ளேயும் பாதி காற்றுதான். மனிதர்கள் நெருங்கி நின்றால் இடைவெளியே கிடையாது. அதனால் கார்களால் ஒருநாளும் ஏற்ற முடியாத பாரத்தை நடக்க வந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள். பாலம் தாங்கிக்கொண்டது. பொறியாளர்கள் போட்ட கணக்குக்குள்தான் இருந்தது. ஆனால் நடக்கிறவர்களுக்குக் கனமில்லை என்று யாராவது சொன்னால் இனி என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

சரி, டாலருக்கு வருவோம். அந்த ஐந்து சுற்றோடு கதை முடிந்துவிட்டதா? 2018 ஜூனில் மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை ஒன்பது கவுன்ட்டிகள், மூன்று டாலர் உயர்வு, 2019, 2022, 2025 என்று மூன்று தவணையில். நடைக்கும் விரிகுடாவைச் சுற்றிய பாதைக்குமாகச் சேர்த்து 15 கோடி டாலர். அணிலுக்குக் கொஞ்சம் சதை போட்டிருந்தது. ஆனால் வரி எதிர்ப்பாளர் சங்கம் ஒன்று கோர்ட்டுக்குப் போனது. இது கட்டணமல்ல, வரி. வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், வாங்கியது அத்தனை இல்லை என்பது வழக்கு. வசூல் நடந்துகொண்டே இருந்தது, பணம் மட்டும் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வழக்கை முடித்த பிறகுதான் பெட்டி திறந்தது. 2025 ஜனவரியில் டோல் 8 டாலரைத் தொட்டது.

இவ்வளவு டோல் வாங்கியும், ஓக்லாண்டையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைக்கிற பே பாலத்தில் முழுசாக நடந்து போக முடியாது. 2013-ல் திறந்த புதிய கிழக்குப் பாதியில் நடைபாதை உண்டு, அது நடுத்தீவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து திரும்பி நடக்க வேண்டியதுதான். ஆகவே அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

நம்மிடம் வேலையே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கிற ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. 570 மீட்டர், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 28.45 கோடி ரூபாய். மீட்டருக்கு ஏறக்குறைய 5 லட்சம். திறந்த வாரமே அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். ரங்கநாதன் தெருவின் கூட்டத்தில் சிக்காமலே பஸ் நிலையம் வந்து சேர்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "கீழே இறக்கி விடுடா, ஒரு கடையும் பார்க்கல" என்றார். அது வேறு விஷயம். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனுக்கு வேண்டுமென்றால் வேறு ஒரு திட்டத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். மாம்பலம் கிடைத்தது மாம்பலத்தின் அதிர்ஷ்டம்.

இப்போது செருப்பு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு புறநகர் ஸ்டேஷன். வாசலுக்கு வெளியே மழைநீர்க் கால்வாய்க்கு மேல் போட்ட சிமென்ட் பலகைகளில் ஒன்று காணாமல் போய் மாதக்கணக்காகிறது. அதன் ஓரத்தில் மாட்டித்தான் வார் அறுந்தது. உள்ளே போய்ச் சொன்னேன். "கேட்டுக்கு வெளியே எங்களுது இல்ல சார்." வெளியே தெருவில் அளவெடுத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "அது ரயில்வே இடம் சார்." வெறுங்காலோடு திரும்பும்போதுதான் கவனித்தேன், இடைவெளியின் பாதியை ஒரு மரப்பலகை மூடியிருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் மறு பாதியில் காலை வைத்திருக்கிறேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "இதை யாரும்மா போட்டது?" என்றேன்.

"நான்தான் சார் போட்டேன்" என்றார், கட்டுகிற பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "வுழுந்து எழுந்தவங்க பூவா வாங்கப் போறாங்க?"

இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கிளாம்பாக்கம் அடுத்த வாரம். 2023 டிசம்பர் 30-ல் திறந்த பஸ் முனையம், அதற்கு எதிரே ஸ்டேஷன் கட்ட சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) ரயில்வேக்குக் கொடுத்த 20 கோடி ரூபாய், இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டுகிற விவகாரம், எல்லாம் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். செருப்பை வெள்ளிக்கிழமை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

(தொடரும்)