உங்கள் போனில் "அவசரம்" யார்?

நீங்கள் வழியில் மயங்கி விழுந்தால், உங்கள் கைத்தொலைபேசியை எடுப்பவர் யாரை அழைப்பார்?

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் நடந்த மகளிர் கூட்டத்தில் இப்படிக் கேட்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா எழுந்தார். 1977 கலவரத்தின்பின் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர். 2009இல் கணவரை இழந்து, முகாமிலிருந்து மகளோடு தம்பியின் லயத்துக்கு வந்தவர். மகள் இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள்.

ஒருநாள் நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் அவருக்கு நினைவு தப்பியது. பயணிகள் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். போனில் "மகள்" என்று தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மகளின் இலக்கம் "கடை" என்றும், தம்பியின் இலக்கம் "லொறி" என்றும் இருந்தன! இரவில் தம்பியே அழைத்தபோதுதான் விடயம் தெரிந்தது. அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதும் அதுவரை யாருக்கும் தெரியாது.

"ஏன்க்கா அப்படிப் போட்டீங்க?"

"பழைய பயந்தான் மிஸ். அப்பல்லாம் செக்பொயின்ட்ல ஒரு பேரக் கண்டாலே ஆயிரம் கேள்வி. சொந்தக்காரங்க பேர எழுதாம இருந்தே பழகிருச்சி."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பயம் எங்களில் பலருக்குத் தெரிந்ததே. ஆனால் அன்று எங்களைக் காத்த பழக்கம், இன்று ஆபத்தில் எங்களைத் தனியே விட்டுவிடக் கூடாது.

2005இல் இங்கிலாந்தின் அம்புலன்ஸ் பணியாளர் பொப் புரொட்சி, அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் பெயருக்கு முன்னால் "ஐ.சி.இ." என்ற ஆங்கில எழுத்துக்களைச் சேர்க்கும்படி மக்களைக் கேட்டார். அவ்வாண்டு ஜூலை 7இல் நடந்த லண்டன் குண்டுவெடிப்புகளின் பின் இந்த யோசனை பல நாடுகளுக்கும் பரவியது. நாங்களும் செய்யலாம்.

• "அவசரம் மகள்" என்று பதியுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கும் புரிய, அந்த ஆங்கில எழுத்துக்களையும் சேருங்கள். இரண்டு பேரையாவது பதிந்து, அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

• தொடுதிரைப் போன் என்றால், பூட்டியிருக்கும்போதும் தெரியும்படி அவசர விபரங்களைப் பதியலாம். இரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து ஆகியவற்றையும் எழுதுங்கள். பிள்ளைகளின் உதவியைக் கேளுங்கள்.

• அதே விபரங்களைக் கடதாசியில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகத்தில் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்ததை மறக்கவில்லையே?

• இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117, பெண்களுக்கான உதவி 1938. அம்புலன்ஸை அழைக்கும்போது தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயன் இலக்கம், அருகிலுள்ள பெரிய பாதை ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

• வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால், அவசரப் பெயர் கணவருடையதாக இருக்க வேண்டியதில்லை. நம்பிக்கையான தோழி, அக்கா, அயலவர் யாராகவும் இருக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் அந்த அக்கா போனை என்னிடம் நீட்டினார். பிறகு, "இல்ல மிஸ், நானே பழகிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். "கடை" போய், "அவசரம் மகள்" வந்தது. சரியா என்று பார்க்க, உடனே ஓர் அழைப்பும் எடுத்தார்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தை மூடுமுன் நீங்களும் ஒரு பெயரைப் பதியுங்கள்.