மாஸ்கோ வகுப்பில் கைகொடுக்கும் அஸ்தினாபுரத் தமிழ்

"திஸ் புக்." "ஐ ஸ்டூடண்ட்."

ரஷ்யாவில் ஆங்கிலம் கற்க வருபவர்கள் ஆரம்பத்தில் பெரும்பாலும் இப்படித்தான் பேசுவார்கள். நடுவில் வரவேண்டிய 'இஸ்', 'ஆம்', 'ஏ' எல்லாம் காணாமல் போயிருக்கும். லண்டன் ஆசிரியருக்கு இது வெறும் தப்பு. அஸ்தினாபுரத்திலிருந்து போன ஆசிரியருக்கோ காரணம் உடனே புரிந்துவிடும். நாமும் 'இது வீடு' என்றுதானே சொல்கிறோம்? ரஷ்ய மொழியில் அது 'எதா தோம்'. 'எதா' என்றால் இது, 'தோம்' என்றால் வீடு. அவ்வளவுதான், நடுவில் வேறொன்றும் இல்லை.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வெளிநாடு போய், போன இடத்து மொழியையும் கற்றுவரும் ஆசை குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்து ஆங்கிலப் பட்டதாரிகளுக்கும் உண்டு. ரஷ்யா என்றால் மட்டும் 'டாக்டருக்குப் படிக்கிற ஊர்' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலிருந்தே ஒரு அந்நிய மொழி படிக்கிறார்கள். பெரும்பாலோர் எடுப்பது ஆங்கிலம்.

அஸ்தினாபுரத்துப் பெண் ஒருத்தி அப்படிப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பகலில் அவள் டீச்சர், சாயங்காலம் மாணவி. அவளுக்கு ரஷ்ய மொழியில் முதல் உதவி ஆங்கிலத்திலிருந்து வராது, வீட்டுத் தமிழிலிருந்து வரும். குளிர்ந்தால் ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்டு'. தமிழில் 'எனக்குக் குளிருது'. ரஷ்ய மொழியிலும் 'ம்ன்யே ஹோலத்னா', எனக்குக் குளிர்! வயதும் அப்படியே, 'எனக்கு இருபது'. ஒரு பொருள் இருக்கிறது என்பதற்கு ஆங்கிலத்தின் 'ஹேவ்' மாதிரி வினைச்சொல்லைத் தேட வேண்டாம். 'என்னிடம் இருக்கிறது' என்ற பாணியில் 'உ மின்யா யேஸ்த்' என்றால் போதும்.

பள்ளியில் நாம் உருப்போட்ட எட்டு வேற்றுமைகள் ஞாபகம் இருக்கிறதா? ரஷ்ய மொழியில் ஆறுதான். பெயர்ச்சொல்லின் வால் மாறினால் பொருள் மாறும் என்பது நமக்கு அதிர்ச்சியே இல்லை. நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. தோழிக்கு 'தி', பெரியவர்களுக்கு 'வி'. அந்த 'இ' நம் 'இ' அல்ல. 'காசு', 'நாடு' என்று பேசும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு ஒலி வருகிறதே, அதற்குப் பக்கத்து வீடு.

தமிழ் கைவிடும் இடங்களும் இருக்கின்றன. மேசை, விளக்கு, ஜன்னல் எல்லாம் நமக்கு 'அது'. அங்கே மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், ஜன்னல் இரண்டுமில்லை. நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறு வினை. 33 எழுத்துகளில் சில பார்த்துப் பழகிய முகத்தோடு வந்து ஏமாற்றும். ஆங்கில 'பி' மாதிரி இருப்பது 'ர', 'ஹெச்' மாதிரி இருப்பது 'ன', 'சி' மாதிரி இருப்பது 'ஸ'. 'ரெஸ்தரான்' என்ற பலகையை ஆங்கிலக் கண்ணால் பார்த்தால் 'பெக்டோபா' என்றுதான் படிக்க வரும். பசியோடு நிற்கும்போது இது வேடிக்கையாக இருக்காது.

வேலை கிடைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல ஆங்கிலப் பயிற்சி மையங்கள் கேட்பது 'நஸீதெல் யஸிகா'. அதாவது தாய்மொழியாகப் பேசுபவர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மொழியைச் சுமப்பவர்'. பிரிட்டன், அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் சுமப்பதாகக் கணக்கு. ஆங்கிலத்தை இலக்கணத்தோடு படித்து, தானே தடுக்கி விழுந்து எழுந்த ஒருவருக்கு, மாணவன் எங்கே விழுவான் என்பது கூடுதலாகவே தெரியும். விளம்பரம் எழுதுபவர்களுக்கு அது புரிவதில்லை. பட்டத்தோடு 'செல்டா' மாதிரி 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழும் இருந்தால் பேச்சுவார்த்தைக்காவது உட்காரலாம்.

இப்போது நிலவரம் சாதாரணமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. நம் ஊர் வங்கி கொடுத்த அந்த கார்டுகள் அங்கே வேலை செய்யாது. அதைவிடப் பெரிய அபாயம், நல்ல வேலை என்று அழைத்துப் போய் இந்திய இளைஞர்களைப் போர்முனையில் நிறுத்தியது. 2024 மார்ச்சில் சி.பி.ஐ. இதற்காக வழக்குப் பதிந்து பல நகரங்களில் சோதனை நடத்தியது. அதனால், அழைப்பு எந்த ரூபத்தில் வந்தாலும், ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத ரஷ்ய ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மொழி கற்க இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

எதிர்த் திசையில் இதே பாதையில் நடந்தவர் ஒருவர் உண்டு. மாஸ்கோவில் பிறந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி, 1978-79ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து தமிழ் படித்தார். திரும்பிப் போய் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ரஷ்ய மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 2010 கோவை செம்மொழி மாநாட்டுக்கும் வந்திருந்தார். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

தொடங்குவதற்கு மாஸ்கோ வரை போக வேண்டியதில்லை. ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் உள்ள ரஷ்ய கலாசார மையம் நீண்ட காலமாக ரஷ்ய மொழி வகுப்புகள் நடத்திவருகிறது. குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, நடுவில் பஸ் மாறினால் போய்விடலாம்.

அங்கே போய்ப் பாடம் எடுக்கும் முதல் நாளிலேயே இன்னொரு கேள்வி வரும். ரஷ்ய மாணவர்கள் ஆசிரியரை வெறும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அப்பா பெயரையும் சேர்த்துத்தான் அழைப்பார்கள். அன்னாவின் அப்பா இவான் என்றால் 'அன்னா இவானவ்னா'. மற்ற வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு விழிப்பார்கள். அஸ்தினாபுரத்துப் பெண், பிறந்ததிலிருந்து பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலை விரித்துச் சொன்னால் போதும்.