மறவாத காவலர்

ஹூக்ளி ஆற்றின் ஒரு கரையில் கொல்கத்தாவும் மறுகரையில் ஹவுராவும் அமைந்துள்ளன. சென்னையிலிருந்து வங்கம் செல்லும் தொடர்வண்டிகள் பல ஹவுரா நிலையத்தையே சென்றடைகின்றன. இந்திய மருத்துவ வரலாற்றிலும் ஹவுரா மாவட்டத்திற்கு ஓர் இடம் உண்டு. 2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், அம்மாவட்டத்தில் 18 மாதப் பெண் குழந்தை ஒன்று போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டது. இயற்கையில் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் வாதமுற்ற கடைசிக் குழந்தை அதுவே. அக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து புகட்டப்பட்டிருக்கவில்லை.

நாவில் இடும் இரண்டு சொட்டு மருந்து கால்களை எவ்வாறு காக்கிறது? இதனை அறிய, உடலைக் காக்கும் செல்களை முதலில் அறிதல் வேண்டும்.

முதல் காவல்

உடலின் காவலர்கள் வெள்ளையணுக்கள். இவை எலும்பு மஜ்ஜையில் தோன்றுகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் உள்ளன. இவற்றுள் மிகுதியானவை நியூட்ரோஃபில்கள். காயம் பட்ட இடத்திற்கு முதலில் விரைபவை இவையே. இவை பாக்டீரியாக்களை விழுங்கி அழித்துத் தாமும் மடிகின்றன. புண்ணில் தோன்றும் சீழில் பெரும்பகுதி மடிந்த நியூட்ரோஃபில்களே ஆகும்.

மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கு செல்கள் திசுக்களில் தங்கி, கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கித் தூய்மை செய்கின்றன. இயற்கைக் கொல்லி செல்கள், வைரஸ் புகுந்த செல்களைக் கண்டு அழிக்கின்றன. வந்த கிருமி இன்னது என்று நுணுகி அறியும்வரை இக்காவலர் காத்திருப்பதில்லை. அயலானது எனக் கண்டவுடன் எதிர்க்கின்றனர்.

இரண்டாம் காவல்

டென்ட்ரைட்டிக் செல்கள் தூதர் போன்றவை. இவை கிருமியின் ஒரு துணுக்கை நிணநீர் முடிச்சுகளுக்கு எடுத்துச் சென்று டி செல்களுக்குக் காட்டுகின்றன. டி செல்கள் தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுபவை. அவற்றுள் உதவி டி செல்கள் பிற காவலர்களைத் தூண்டுகின்றன. கொல்லும் டி செல்கள் வைரஸ் புகுந்த செல்களை அழிக்கின்றன. பி செல்கள் பிளாஸ்மா செல்களாக மாறி எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. பூட்டுக்கேற்ற சாவி போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய கிருமியையே பற்றி, அது செல்லுக்குள் நுழையாதவாறு தடுக்கும்.

இக்காவல் கூர்மையானது, ஆயினும், புதிய கிருமியை எதிர்க்க ஆயத்தமாவதற்குப் பல நாள்கள் ஆகும். போலியோ வைரஸ் அதுவரை காத்திருப்பதில்லை. அது நீர், உணவு வழியாகக் குடலை அடைந்து பெருகுகிறது. தொற்றுக்குள்ளானோரில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவரிடம், தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அழித்து மீளா வாதத்தை உண்டாக்குகிறது. அழிந்த நரம்புச் செல்கள் மீண்டும் தோன்றுவதில்லை. காவலர் காலந்தாழ்ந்து வென்றாலும் கால் மீள்வது அரிது.

நினைவின் வலிமை

ஒருமுறை எதிர்த்த கிருமியை மறவாத சில பி, டி செல்கள் உடலில் நெடுங்காலம் தங்குகின்றன. இவை நினைவுச் செல்கள் எனப்படும். அதே கிருமி மீண்டும் வந்தால், இவை முன்னிலும் விரைவாகப் பெருகி எதிர்க்கும். சொட்டு மருந்தில் உள்ளது வலுக்குறைக்கப்பட்ட வைரஸ். அது நோயைத் தருவதற்காக அன்று, காவலருக்குப் பகைவனை முன்னதாகவே அறிமுகம் செய்வதற்காகப் புகட்டப்படுகிறது. குடலிலேயே எதிர்ப்பொருள் உண்டாவதால் நுழைவாயிலும் காக்கப்படுகிறது.

ஒருமுறை புகட்டினால் போதாதா? இந்தியக் குழந்தைகளுக்குப் பலமுறை புகட்ட வேண்டும் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் தம் ஆய்வுகளால் உணர்த்தினார். 1995ஆம் ஆண்டு நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. பணியாளர்கள் வீடுதோறும் சென்றனர். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களின் குழந்தைகள் விடுபடாதிருக்க, தொடர்வண்டி நிலையங்களிலும் புகட்டினர். மருந்துண்ட குழந்தையின் விரலில் மையிட்டனர். 2009இல் 741 ஆக இருந்த பாதிப்பு, 2010இல் 42 ஆகவும் 2011இல் 1 ஆகவும் குறைந்தது. 2014 மார்ச் 27 அன்று, இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது என உலக சுகாதார அமைப்பு சான்றளித்தது.

நினைவுச் செல்கள் ஒருவர் பெற்றதை மற்றவருக்கு வழங்க இயலாது. ஆதலின், ஒவ்வொரு குழந்தையின் காவலரும் தனித்தனியே கற்றாக வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. நியூட்ரோஃபில், பி செல் ஆகியவற்றின் பணிகள் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. நோய் வந்தபின் காவலர் வெல்வது, போலியோவைப் பொறுத்தவரை ஏன் போதாது?
3. ஊர் மாறிச் செல்லும் குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தொடர்வண்டி நிலையங்களில் சொட்டு மருந்து புகட்டியது ஏன்?