மாதர் கைகள் கட்டிய மருத்துவமனை

பொங்கல் முடிந்த கையோடு கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் தமிழர் வாழும் கட்டடங்களில் ஒரு கூட்டம் தவறாமல் நடக்கும். யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்மணிகள் கூடுவார்கள். எல்லோர் கையிலும் காபி டம்ளர். ஒருவர் மடியில் மட்டும் கோடு போட்ட கணக்கு நோட்டு. "போன வருஷத்து மீதி எவ்வளவு? இந்த வருஷம் என்ன செய்யலாம்?" என்று பேச்சு தொடங்கும்.

இத்தகைய மாதர் குழுக்களில் சிலவற்றுக்குப் பதிவு எண் உண்டு. பலவற்றுக்குப் பெயர்ப் பலகை கூடக் கிடையாது. ஆனாலும் வேலை நடக்கிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் தாராவிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், மழைக்கு ரெயின்கோட். ஆடியில் புடவை விற்பனை. நவராத்திரியில் கோலப் போட்டி, பாட்டுப் போட்டி. தீபாவளிக்கு முறுக்கு, ரிப்பன் பக்கோடா, லேகியம். டிசம்பரில் ஆனந்த மேளா. இடையில் ஒரு நாடகம் அல்லது கச்சேரி. அதை ஒட்டி ஒரு சிறப்பு மலர். மலருக்கு விளம்பரம் கேட்டு வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கும் பாடு. மழை நாளில் ஈரக் குடையோடு மூன்று மாடி ஏறி, "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலைக் கேட்டு இறங்கிய அனுபவம் இதைப் படிக்கும் எத்தனையோ சகோதரிகளுக்கு இருக்கும்.

ஆண்டு முடிவில் அறிக்கை வாசிக்கப்படும். பள்ளிக்கு இவ்வளவு, முதியோர் இல்லத்துக்கு இவ்வளவு, கோயில் அன்னதானத்துக்கு இவ்வளவு, வெள்ள நிவாரணத்துக்கு இவ்வளவு. கைதட்டல், நன்றியுரை, நாட்டுப்பண். பிறகு மறுபடியும் பொங்கல், மறுபடியும் அதே கேள்வி: "இந்த வருஷம் என்ன செய்யலாம்?"

இந்தக் கேள்விக்கு ஒருமுறை சென்னையில் ஒரு மாதர் சங்கம் சொன்ன பதில் இன்றும் கட்டடமாக நிற்கிறது. நம் குழுக்கள் ஆண்டுத் திட்டம் போட உட்காரும் வேளையில் அந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு தங்கையின் மரணம்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அறியாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. அதன் ஆங்கிலப் பெயரின் முடிவில் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்ற மூன்று எழுத்துக்கள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது மருத்துவப் பட்டம் அல்ல. 'விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன்', அதாவது இந்திய மாதர் சங்கம் என்பதன் சுருக்கம். ஒரு மாதர் சங்கத்தின் பெயரையே தன் பெயரில் தாங்கி நிற்கும் மருத்துவமனை அது.

அந்தச் சங்கம் 1917ஆம் ஆண்டு மே மாதம் அடையாறில் தொடங்கப்பட்டது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றார்கள். அன்னி பெசன்ட் முதல் தலைவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும், பெண் குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும், குழந்தை மணம் ஒழிய வேண்டும் என்று பாடுபட்ட சங்கம். அதன் தூண்களில் ஒருவராக விளங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912ல் பட்டம் பெற்றவர் அவர். சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் உயர்ந்தவர். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் நடத்திய போராட்டத்தையும், ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லத்தையும் நம் பாட்டிமார்கள் நன்கறிவார்கள்.

இவ்வளவு சாதித்தவருக்கும் ஒரு தீராத துயரம் இருந்தது. அவருடைய தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் மாண்டார். நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவர், இருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை. பின்னர் 1925ல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது, அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதை அவர் கண்டார். நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935ல் நடந்தபோது அந்த எண்ணத்தை வெளிப்படையாகவே அறிவித்தார்.

பத்தொன்பது ஆண்டுகள்

அறிவித்தவுடன் நிதி குவிந்துவிடவில்லை. புற்றுநோய் வந்தால் பிழைக்க மாட்டார்கள், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதுதான் அந்நாளில் படித்தவர்களின் மனப்போக்கும். அரசாங்கமும் ஆர்வம் காட்டவில்லை. இடையில் உலகப் போர் வந்தது. நாட்டுக்கு விடுதலை வந்தது. எண்ணம் மட்டும் மாறவில்லை.

1949ல் இந்திய மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கியது. பெரிய தொழிலதிபர் எவரும் பின்னால் நிற்கவில்லை. பொதுமக்களிடம் கேட்டுச் சேர்த்த பணம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. எத்தனை படுக்கைகள் தெரியுமா? பன்னிரண்டு!

வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவப் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் கிடைத்த நல்ல பதவியை விட்டுவிட்டு, இந்தச் சிறிய இடத்துக்கு வந்தவர். தொடக்கத்தில் ஊதியம் இல்லாமலே பணியாற்றினார். மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் மறையும் வரை அறுபத்தைந்து ஆண்டுகள் அதற்காகவே வாழ்ந்தார். 2005ல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

பன்னிரண்டு படுக்கைகள் ஐந்நூறுக்கு மேலாயின. 1975ல் மத்திய அரசு அதை மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்றது. கையில் காசில்லாதவர்களுக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை தருவது என்ற தொடக்க கால நோக்கம் மட்டும் கைவிடப்படவில்லை.

1935ல் அறிவிப்பு, 1954ல் முதல் படுக்கை. பத்தொன்பது ஆண்டுகள்! இதற்குள் எத்தனை ஆண்டறிக்கைகள் வாசிக்கப்பட்டிருக்கும்? நிதி தொடங்கியது முதல் ஒவ்வோர் அறிக்கையிலும், "இன்னும் கட்டி முடியவில்லை" என்றுதானே சொல்ல வேண்டியிருந்திருக்கும்? அதைச் சொல்லும் துணிவும், அடுத்த ஆண்டும் அதே நோக்கத்துக்காகவே கையேந்தும் பொறுமையும் அவர்களுக்கு இருந்தன. நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

பரேலும் அடையாறும்

மும்பைவாசிகளான நமக்கு இதில் இன்னொரு சுவையான ஒப்புமை உண்டு. மாட்டுங்காவில் ஸ்லோ ரயில் ஏறினால் தாதருக்கு அடுத்த நிறுத்தம் பரேல். அங்கேயுள்ள டாடா நினைவு மருத்துவமனையும் ஒரு பெண்மணியின் மரணத்தோடு தொடர்புடையதே. சர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931ல் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக, தோராப்ஜியின் பெயரிலான அறக்கட்டளை 1941 பிப்ரவரியில் பரேல் மருத்துவமனையைத் திறந்தது.

இரண்டுக்கும் விதை ஒன்றே: அன்புக்குரிய ஒருத்தியை இழந்த வேதனை. பரேலில் பெருஞ்செல்வம் அதைக் கட்டடமாக்கியது. அடையாறில் செல்வம் இல்லை. அங்கே மாதர்களின் விடாமுயற்சிதான் செல்வமாக இருந்தது. "நம்மிடம் டாடாவா இருக்கிறார்?" என்று அலுத்துக்கொள்ளும் எந்தக் குழுவும் அடையாறை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம்.

முறுக்குக்கும் கணக்கு உண்டு

இரண்டாவது பாடம் கணக்கு. அதைச் சொல்ல அடையாறு வரை போக வேண்டியதில்லை, கிர்காம் போதும். 1959 மார்ச்சில் ஏழு குஜராத்திப் பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு பாக்கெட். அதுதான் லிஜ்ஜத். நன்கொடை வாங்குவதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். இட்ட அப்பளத்துக்கு இட்டவருக்குக் கூலி உண்டு. பெண்ணின் கை உழைப்புக்கு விலை உண்டு என்பது அங்கே எழுதப்பட்ட கணக்கு.

நம் தீபாவளி முறுக்கு விற்பனையில் நடப்பது வேறு. அரிசி மாவு ஒரு மாமி கொடுத்தது, எண்ணெய் இன்னொருவர் வீட்டுடையது, கேஸ் சிலிண்டர் யாருடையதோ. நாலு நாள் அடுப்படியில் நின்றவர்களின் உழைப்பு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. கடைசியில் "லாபம் இவ்வளவு" என்று அறிவிக்கிறோம். அது முழு உண்மை அல்லவே! யார் என்ன கொடுத்தார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதையும் எழுதி வைத்தால், இரண்டு நன்மை. மாவு கொடுத்தவரும் நன்கொடையாளராக மதிக்கப்படுவார். அடுத்த ஆண்டு இதே உழைப்பை முறுக்கில் போடுவதா, வேறு வழியில் போடுவதா என்று தெளிவாக முடிவெடுக்கலாம்.

நிதி உதவிக் கச்சேரிக்கும் இது பொருந்தும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிச் சேர்ந்த பணம் எத்தனையோ அறப்பணிகளுக்குப் போயிற்று. 1974ல் அவருக்குக் கிடைத்த மகசேசே விருது பொதுச் சேவைக்கானது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நம் குழு கச்சேரி வைத்தால், அரங்க வாடகை, மேடை, ஒலிபெருக்கி, மலர் அச்சுக் கூலி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சியது என்பதை டிக்கெட் வாங்கியவருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த முறையும் வாங்குவார்.

பணம் மட்டும்தானா?

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கும் தூரத்தில் சயான் மருத்துவமனை இருக்கிறது. தாராவித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆபத்துக்கு உதவும் இடம் அதுவே. ஆசியாவிலேயே முதலாவதான தாய்ப்பால் வங்கி 1989ல் அங்கேதான் தொடங்கப்பட்டது. டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சி அது. குறைமாதத்தில் பிறந்து, தாயிடம் பால் இல்லாமல் தவிக்கும் சிசுக்களுக்கு வேறு தாய்மார்கள் தரும் பாலே உயிர். ரூபாய்க் கணக்கில் வராத நன்கொடை!

அதே மருத்துவமனையிலும் பரேலிலும் ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, கையில் சீட்டோடு, மராத்தியும் இந்தியும் புரியாமல், எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் விழித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வாரத்தில் ஒரு காலை, முறை போட்டுக்கொண்டு, நம்மில் இருவர் அவளோடு நின்று டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னால் எவ்வளவு பெரிய உதவி! இதற்குச் சிறப்பு மலர் வேண்டாம், விளம்பரம் வேண்டாம். மருத்துவமனையின் சமூக சேவைப் பிரிவில் முன்கூட்டிப் பேசி, அவர்கள் அனுமதியோடு செய்தால் போதும்.

இந்த ஆண்டுக்கு ஒரு யோசனை

"பத்து இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும் தர்மம்தானே? ஜூன் மாதம் நோட்டு இல்லாத பிள்ளை பத்தொன்பது வருஷம் காத்திருக்குமா?" என்று மூத்த சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு இடம் வைத்துத்தான் இந்த யோசனை.

திரட்டும் நிதியில் ஒரு பாதியை வழக்கம்போல் அவ்வப்போதைய தேவைகளுக்குக் கொடுங்கள். மறு பாதியை ஒரே ஒரு நோக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு பிள்ளையின் கல்லூரிப் படிப்பு முடியும் வரை, ஒரு நோயாளியின் சிகிச்சை முடியும் வரை, ஒரு வாசக சாலை நிலைபெறும் வரை, எதுவானாலும் சரி. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அதை மாற்றாதீர்கள். தலைவர் மாறலாம், செயலாளர் மாறலாம், நோக்கம் மாறக் கூடாது.

அந்த நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. பொதுமக்களிடம் வசூல் செய்வதற்கு மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளைச் சட்ட விதிகள் உண்டு. பதிவு பெற்ற சங்கம் ஒன்றோடு இணைந்து செய்வது பாதுகாப்பானது. ஆண்டுக்கொரு முறை, என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, கொடுத்தவர் அனைவருக்கும் அனுப்புங்கள்.

மருமகள்களையும் மகள்களையும் இந்தக் கூட்டங்களில் உட்கார வையுங்கள். வேலைக்குப் போகும் அவர்களுக்கு முறுக்குப் பிழிய நேரமிராது. கணக்கு எழுதவும், விண்ணப்பம் நிரப்பவும், மருத்துவமனையில் பேசவும் அவர்களால் முடியும். முத்துலட்சுமி ரெட்டி 1968ல் மறைந்தார். அவர் தொடங்கியது நின்றுவிடாததற்குக் காரணம், அவர் இருக்கும்போதே அடுத்த தலைமுறை உள்ளே வந்துவிட்டது.

அடுத்த முறை விடுமுறைக்குச் சென்னை போனால், அடையாறு காந்தி நகர்ப் பக்கம் செல்ல நேர்ந்தால், அந்த மருத்துவமனைப் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கடைசியில் உள்ள மூன்று எழுத்துக்களுக்கு என்ன பொருள் என்று சொல்லிக் கொடுங்கள். கணக்கு நோட்டோடு வீடு வீடாகப் போகும் அம்மாவின் வேலை எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குப் புரியும்.