ஹூக்ளி நதிக்கரையின் ஐரோப்பிய நகரங்கள்: கோட்டைகள் அழிந்த இடத்தில் எஞ்சி நிற்பவை எவை?

கொல்கத்தா: கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவுக்குள் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், டேனிஷ்காரர் ஆகிய நான்கு நாட்டவரின் குடியேற்றங்கள் அமைந்திருந்தன. பாண்டேல், சின்சுரா, சந்தன்நகர், செராம்பூர் என்ற இந்நகரங்களில் ஐரோப்பியர் எழுப்பிய கோட்டைகள் இன்று இல்லை. தேவாலயங்கள், கல்லறைத் தோட்டங்கள், கல்லூரி, விடுதி போன்ற கட்டடங்களே அக்காலத்தின் சான்றுகளாக நிற்கின்றன.

கோட்டைகள் ஏன் மறைந்தன?

இதற்குக் காலத்தின் சிதைவு மட்டுமே காரணமன்று. போர்களும் உடன்படிக்கைகளும் பெரும்பங்கு வகித்தன. ஹூக்ளியில் இருந்த போர்ச்சுகீசியரின் கோட்டை, ஷாஜகான் ஆட்சியில் 1632-ஆம் ஆண்டு நடந்த முகலாய முற்றுகையில் வீழ்ந்தது. அப்போது சேதமடைந்த பாண்டேல் மாதா தேவாலயம் 1660-இல் மீண்டும் கட்டப்பட்டது.

சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரர் கட்டிய ஓர்லியான் கோட்டையை, 1757 மார்ச் மாதம் ராபர்ட் கிளைவின் படையும் அட்மிரல் வாட்சனின் போர்க்கப்பல்களும் தாக்கிக் கைப்பற்றின. பின்னர் அது தகர்க்கப்பட்டது. 1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை நகரைப் பிரான்சுக்குத் திருப்பி அளித்தபோதிலும், வங்காளத்தில் கோட்டை கட்டவோ படை வைத்திருக்கவோ அந்நாட்டுக்கு அனுமதி தரவில்லை. பின்னாளில் புதுச்சேரி ஆளுநரான டூப்ளே, 1731 முதல் சுமார் பத்தாண்டுகள் நிர்வகித்து வளர்த்த நகரம் இதுவாகும்.

டச்சுக்காரரின் கஸ்டவஸ் கோட்டை போரில் அழியவில்லை. 1824-ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கைப்படி, சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர் வசமும் சின்சுரா ஆங்கிலேயர் வசமும் சென்றன. அதன்பின் கோட்டை இடிக்கப்பட்டு, படைவீரர் குடியிருப்பு எழுப்பப்பட்டது. அந்த நீண்ட கட்டடம் இன்று நீதிமன்றமாக இயங்குகிறது.

கொல்கத்தாவிலும் இதே நிலைதான். 1756-இல் சிராஜ் உத் தௌலா கைப்பற்றிய பழைய வில்லியம் கோட்டையின் நிலப்பரப்பில் ஒரு பகுதியில் தலைமை அஞ்சலகம் நிற்கிறது. தற்போதுள்ள கோட்டை 1758-க்குப் பின் வேறிடத்தில் கட்டப்பட்டதாகும்.

செராம்பூரும் தரங்கம்பாடியும்

இந்நகரங்களுள் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடையது செராம்பூர். வங்காள நவாப் அலிவர்தி கானின் அனுமதியுடன் 1755-இல் இங்கு வணிகத் தளம் அமைத்த டேனிஷ்காரர், தங்கள் மன்னர் ஐந்தாம் பிரெடரிக்கின் பெயரால் இதனை பிரெடரிக்ஸ்நகர் என்று அழைத்தனர். அதற்கு 135 ஆண்டுகளுக்கு முன்பே, 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவுடன் அவர்கள் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியிருந்தனர்.

இரு ஊர்களின் வரலாறும் ஒரே ஆவணத்தில் முடிவுற்றது. 1845-இல் டென்மார்க் தனது இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. தரங்கம்பாடிக் கோட்டை கடல் அரிப்பைத் தாண்டி அருங்காட்சியகமாக நிலைத்துள்ளது. செராம்பூரின் பெருமையோ கல்வியையும் அச்சுக் கலையையும் சார்ந்தது. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோர் 1800-இல் இங்கு அச்சகம் தொடங்கினர். 1818-இல் கல்லூரியை நிறுவினர். அக்கல்லூரிக்கு 1827-இல் டேனிஷ் மன்னரின் பட்டயம் கிடைத்தது.

மீட்கப்பட்ட கட்டடங்கள்

ஆளுநர் ஓலே பீ தொடங்கி வைத்த செயின்ட் ஓலாவ் தேவாலயம், அவரது மறைவுக்குப் பின் 1806-இல் நிறைவு பெற்றது. இரு நூற்றாண்டுகளில் பெரிதும் பழுதடைந்த இக்கட்டடம், டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியுடன் சீரமைக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. நதிக்கரையில் 1786-ஆம் ஆண்டு முதல் இயங்கிப் பின்னர் இடிந்து கிடந்த டென்மார்க் டேவர்ன் விடுதியும் புதுப்பிக்கப்பட்டு, 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

வங்காளச் சமவெளியில் கட்டுமானக் கல் கிடைப்பதில்லை. ஆகவே இக்கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. கூரையைத் தாங்குபவை மர உத்தரங்கள். ஈரப்பதத்தால் உத்தரங்கள் உளுத்துப் போவதும், விரிசல்களில் அரச மரங்கள் வேரூன்றுவதும் முக்கியச் சிக்கல்களாகும். சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் உள்ளேயே தங்கிச் சேதம் கூடும் என்பதால், பாரம்பரியக் கட்டடங்களைச் சீரமைக்கச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றதாகக் கருதப்படுகிறது.

எஞ்சியுள்ள கேள்வி

தேவாலயமும் கல்லூரியும் நாள்தோறும் பயன்பாட்டில் இருப்பதால் அவற்றைப் பராமரிக்க ஒரு நிறுவனம் உண்டு. ஆனால் நதிக்கரையிலுள்ள பழைய தனியார் மாளிகைகளின் நிலை வேறு. பாகப்பிரிவினைக்கும் பராமரிப்புச் செலவுக்கும் இடையே அவை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வழிவிடும் ஆபத்தில் உள்ளன. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மேற்கு வங்கப் பாரம்பரிய ஆணையம் பாரம்பரியக் கட்டடங்களை அடையாளம் கண்டு அறிவிக்கும் பணியை மேற்கொள்கிறது. எனினும், அறிவிக்கப்பட்ட ஒரு வீட்டின் கூரையைப் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்பதே உரிமையாளர்களுக்கு நடைமுறைச் சிக்கலாக நீடிக்கிறது.

ஹவுரா நிலையத்திலிருந்து பாண்டேல் செல்லும் புறநகர் ரயில்கள் செராம்பூர், சந்தன்நகர், சின்சுரா ஆகிய மூன்று நகரங்களிலும் நின்று செல்கின்றன.