‘சைஸ்’ என்னும் சொல்

செருப்புக் கடையிலும் தையற்காரரிடத்தும் நாம் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘சைஸ்’ என்பது ஒன்று. ஆங்கிலம் பயிலாதவரும் இதனை அறிவர். பருமன், அளவு என்று பொருள் கண்டு அகராதியை மூடிவிடுகிறோம். ஆனால் இச்சொல் பிறந்தபோது அதற்குப் பருமன் என்னும் பொருளே கிடையாது. ‘அமர்தல்’ என்பதே அதன் வேர்ப்பொருள் என்றால் மாணவ அன்பர்கள் வியப்படையக்கூடும்.

இலத்தீன் மொழியில் ‘செதேரே’ என்றால் அமர்தல். செஷன்ஸ் கோர்ட் என்கிறோமே, அந்தச் ‘செஷன்’ இவ்வேரில் முளைத்ததுதான். இதே வேரினின்று பிரெஞ்சு மொழியில் தோன்றிய ஒரு சொல், நார்மானியர் வழியாக இங்கிலாந்தை அடைந்து ‘அசைஸ்’ ஆயிற்று. மன்னனின் நீதிபதிகள் அமரும் அவை அசைஸ். அவையில் அமர்ந்து விதித்த கட்டளையும் அசைஸ். நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று நடத்திய அசைஸ் நீதிமன்றங்களை 1971ஆம் ஆண்டுச் சட்டந்தான் ஒழித்தது.

அக்கட்டளைகளுள் மக்களின் வயிற்றைத் தொட்டது ஒன்று உண்டு. ரொட்டிக்கும் ஏல் என்னும் மதுவுக்கும் வரையறை வகுத்த அது, மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்தது. 1266ஆம் ஆண்டினது என்று பொதுவாகக் குறிப்பர். அதன் முறை விந்தையானது. ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை மலிந்த ஆண்டில் காற்பென்னி ரொட்டி கனக்கும். பஞ்ச காலத்தில் அதே காசுக்குக் கிடைக்கும் ரொட்டி சிறுத்துவிடும். காற்பென்னிக்குக் கீழ்ப்பட்ட காசு அக்காலத்தில் இல்லாமையால் விலையைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்க வழியில்லை. ஆனால் எவ்வளவு சிறுக்கலாம் என்பதை ரொட்டிக்காரன் தீர்மானிக்கலாகாது, சட்டமே தீர்மானிக்கும். எடை குறைத்தவனுக்குத் தண்டம். மீண்டும் மீண்டும் குறைத்தால், கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி ஊரார் காண நிறுத்துவர். இதற்கு அஞ்சியே டஜனுக்குப் பதின்மூன்றாகக் கொடுத்தனர் என்றும், ‘ரொட்டிக்காரன் டஜன்’ என்னும் ஆங்கில வழக்கு அவ்வாறு வந்ததென்றும் கூறுவர். கூலிக்காரன் கையிலிருந்த ஒற்றைக் காசுக்கு இவ்வளவு உணவு உண்டு என்று உறுதி கூறிய சொல் இது. இதனை வெறும் அளவுச் சொல்லாகக் கருத எனக்கு மனம் வருவதில்லை.

நாளடைவில் முதலில் நின்ற அகரம் தேய்ந்து ‘சைஸ்’ ஆயிற்று. செய்யுளில் தாமரை ‘மரை’ என வருவதை முதற்குறை என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘டிஸ்போர்ட்’ என்பது ‘ஸ்போர்ட்’ ஆனதும் அவ்வகையே. பொருளும் நகர்ந்தது. கட்டளை என்பது கட்டளையிட்ட அளவாகி, பின்னர் எப்பொருளின் அளவையும் குறிக்கலாயிற்று. தானியத்தின் தொடர்பு மட்டும் முற்றும் விடவில்லை: ஆங்கில முறையில் எட்டாம் எண் செருப்புக்கும் ஒன்பதாம் எண் செருப்புக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம்.

கல்லூரிகளுக்குள்ளும் இச்சொல் நுழைந்தது. மாணவருக்கு அளந்து கொடுத்த ரொட்டி, ஏல் ஆகியவற்றின் பங்கு ‘சைஸ்’ எனப்பட்டது. குறைந்த கட்டணத்தில் படித்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் பிறருக்கு ஏவல் செய்த ஏழை மாணவன் ‘சைசர்’. ஆலிவர் கோல்ட்ஸ்மித் டப்ளினில் அவ்வாறு பயின்றவர். ஐசக் நியூட்டன் 1661இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்தது, சைசருக்கும் ஒரு படி தாழ்ந்த துணைச் சைசராக. 1664இல் கல்லூரியின் உதவிச் சம்பளம் கிடைக்கும்வரை அவர் இவ்வரிசை மாணவராகவே பயின்றார்.