கஷாயத்தில் ஒரு கடிதம்

சீன தேசத்தில் ஒரு கொடி உண்டு. அதன் பூ மலரும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும். சில நாளில் பொன்னிறமாகிவிடும். ஆகவே அதற்குத் 'தங்க வெள்ளிப் பூ' என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் ஹனிசக்கிள் என்பார்கள். ஜுரம், தொண்டை வலி என்றால் அதன் மொட்டுக்களைக் கொதிக்க வைத்துக் கஷாயமாகக் கொடுப்பது சீனர்களின் நெடுநாளைய வழக்கம்.

அந்தக் கஷாயம்தான் இன்று விஞ்ஞானிகளை இரண்டு கட்சிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது!

விஷயம் இதுதான். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும், 'இன்ன புரதத்தைத் தயார் செய்' என்று உத்தரவுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை வழிமறித்து நிறுத்தும் குட்டித் துணுக்குகளும் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது அவற்றின் பெயர். நீளம் சுமார் 22 எழுத்துக்களே. 1993-ல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் முதன்முதலாக இது தென்பட்டது. கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் காரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் பரிசு கிடைத்தது.

செடி கொடிகளிலும் இத்துணுக்குகள் உண்டு. நாம் தின்றால் அவை என்ன ஆகும்? ஜீரணமாகி அழிந்துவிடும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 2012-ல் நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் சென்-யூ ஜாங் என்பவரின் குழுவினர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். அரிசியிலுள்ள துணுக்கு ஒன்று சீனர்களின் ரத்தத்தில் இருக்கிறதென்றும், எலியின் ஈரலில் அது வேலை செய்து ரத்தக் கொழுப்பைக் கூட்டுகிறதென்றும் சொன்னார்கள்.

2015-ல் அதே குழுவினர் தங்க வெள்ளிப் பூவுக்கு வந்தார்கள். கொதிக்கிற நீரில் மற்றத் துணுக்குகள் பெரும்பாலும் சிதைந்துபோக, 'மிர் 2911' என்ற ஒன்று மட்டும் தாக்குப் பிடித்ததாம். கஷாயம் குடித்த எலிகளின் நுரையீரல் வரை போய், இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் பெருகாமல் தடுத்ததாம். பூ எழுதிய கடிதம் விலாசம் தவறாமல் போய்ச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்ளலாம்!

எதிர்க் கட்சியார் சும்மா இருப்பார்களா? 2013-லேயே அமெரிக்காவில் மான்சாண்டோ கம்பெனி ஆராய்ச்சியாளர்களும் வேறு சிலரும் எலிகளுக்கு அரிசியை ஊட்டிப் பார்த்தார்கள். உடம்பில் சேர்ந்தது அற்ப சொற்பமே. கொழுப்பு ஏறியதற்குக் காரணம் வெறும் அரிசியைத் தின்றதால் வந்த சத்துக் குறைவுதான் என்றார்கள். ஆராய்ச்சிச் சாலையில் தவறிக் கலந்த செடியின் துணுக்குகளே ரத்தத்தில் இருந்தவைபோலத் தோன்றியிருக்கலாம் என்று வேறு சிலர் எச்சரித்தார்கள்.

இது பண்டிதர்களின் வீண் சர்ச்சை என்று எண்ணிவிடக் கூடாது. 2020-ல், கொரோனா உலகை உலுக்கிக்கொண்டிருந்த வேளையில், இக்கஷாயத்தைக் குடித்தவர்களிடம் வைரஸ் சீக்கிரம் மறைந்தது என்று நான்ஜிங் குழுவினர் அறிவித்தார்கள். ஆனால் அப்படிக் குடித்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. அதை நம்பி மூச்சுத் திணறுகிறவருக்குக் கஷாயத்தை மட்டும் கொடுத்துக் காத்திருந்தால், போவது உயிரல்லவா?

ஒன்று நிச்சயம். பூக்கஷாயத்தில் துணுக்கு இருப்பது வேறு. அது ரத்தத்தில் ஏறுவது வேறு. நோயைத் தீர்க்கும் அளவுக்கு ஏறுவது முற்றிலும் வேறு. முதல் படியைத் தாண்டியாகிவிட்டது. இரண்டாம் படியில் வழக்கு நடக்கிறது. மூன்றாம் படிக்கு ஏராளமான நோயாளிகளிடம் முறையாகப் பரிசோதித்த சாட்சியம் வேண்டும். அது வரும்வரை, ஜுரம் கடுமையானால் வைத்தியரைத் தேடிப் போவதே விவேகம்.